டோடாய்ஜி கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டவை

கேள்வி: கியோட்டோவில் தங்குகிறோம். நாராவில் இருக்கும் டோடாய்ஜிக்கு ஒரு காலைப்பொழுது போதுமா?

பதில்: பெரிய புத்தரை மட்டும் பார்க்கப் போதும். ஆனால் ரயிலில் முக்கால் மணி நேரம்தானே! மதியம் போய், இருட்டும்வரை இருங்கள். மாலையில், அதே வளாகத்தின் மலைச்சரிவில் இருக்கும் நிகட்சுடோ மாடக்கோயிலுக்கு ஏறாமல் திரும்ப வேண்டாம்.

கேள்வி: இப்போதுள்ள சிலை 8-ஆம் நூற்றாண்டில் செய்ததேதானா?

பதில்: முழுவதும் இல்லை. பெரியம்மை நாட்டையே உலுக்கிச் சில ஆண்டுகள் கழித்து, 743-இல், பேரரசர் ஷோமு இந்த வெண்கலச் சிலைக்கு ஆணையிட்டார். 752-இல் கண் திறந்தார்கள். 1180-இலும் 1567-இலும் போரில் மண்டபம் எரிந்தது. இன்றைய தலை 17-ஆம் நூற்றாண்டில் வார்த்தது. 57 மீட்டர் அகல மண்டபம் 1709-இல் முடிந்தது. பழையது இன்னும் அகலம். பீடத்தின் தாமரை இதழ்களில் பழைய வார்ப்பு மிஞ்சியிருக்கிறது. 15 மீட்டர் உயரத்தை அண்ணாந்து பார்த்த கையோடு கீழேயும் பாருங்கள்.

கேள்வி: கண் திறந்தவர் இந்தியராமே?

பதில்: ஆமாம், போதிசேனர் என்ற துறவி. 736-இல் ஜப்பானுக்கு வந்தவர். தென்னாட்டவர் என்பது மரபு. எனக்கு மனசை அள்ளுவது அந்தத் தூரிகைதான். அதில் நீளமான கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர் கண் எழுதியபோது அத்தனை பேர் கையும் சேர்ந்து எழுதியது. அந்தத் தூரிகையும் நீலக் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. நம் கோயில்களில் சிலைக்குக் கண் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: செருப்பு, கேமரா, சைவச் சாப்பாடு?

பதில்: பெரிய மண்டபத்தில் செருப்பைக் கழற்ற வேண்டாம், படமும் எடுக்கலாம். சாப்பாட்டில் கவனம்: மிசோ சூப்பிலேயே பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். கேட்டுச் சாப்பிடுங்கள்.

கேள்வி: அங்குள்ள மான்கள் குழந்தைகளை முட்டுமா?

பதில்: அங்கே மான்களுக்கென்றே விற்கும் பிஸ்கட்டைக் காட்டிக் காட்டி ஏமாற்றினால் முட்டும், கடிக்கவும் செய்யும். வாங்கியதும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் வெறுங்கையை விரித்துக் காட்டுங்கள், போய்விடும்.

கேள்வி: நிகட்சுடோவில் அப்படி என்ன?

பதில்: பெரிய மண்டபத்துக்குக் கிழக்கே, மலைச்சரிவில் இருக்கும் மாடக்கோயில் அது. கட்டணம் இல்லை, இரவிலும் ஏறலாம். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1 முதல் 14 வரை, இருட்டியபின் பெரிய தீப்பந்தங்களைத் தூக்கிக்கொண்டு மாடத்தில் ஓடுவார்கள்; கீழே நிற்பவர்கள்மேல் பொறி கொட்டும். 752-இல் தொடங்கிய வழிபாடு இது. 1180-இல் கோயில் எரிந்தபோதும், அடுத்த ஆண்டு நிறுத்தவில்லை. மற்ற மாதங்களில் கூட்டம் குறைவு. மாடத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றால், பெரிய மண்டபத்தின் கூரைக்கு அப்பால் நாராவில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்குவது தெரியும்.