கேளுங்க, சொல்றோம்: தரையில் விமானத்துக்கு வழி தவறுமா?

கேள்வி: விம்கோ நகரில் மெட்ரோ பிடித்து ஏர்போர்ட் போய், முதல் தடவையாக விமானம் ஏறினேன். கதவைச் சாத்தின பிறகும் வெகுநேரம் தரையில் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஆகாயத்தில் வழி தெரிந்த பைலட்டுக்கு ஏர்போர்ட்டுக்குள் வழி தவறுமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாகத் தவறும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் திரும்புவதைத் தினமும் பார்ப்பீர்களே, முன்பக்கம் முனையைத் தாண்டிப் போய் வளைந்தாலும் பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும், கிளீனர் இறங்கி நின்று "வரட்டும், வரட்டும்" என்று தட்டுவார். பெரிய விமானமும் அப்படித்தான். பைலட்டின் சீட் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கிறது, அதனால் வளைவைத் தாண்டிப் போன மாதிரி தோன்றும்போதுதான் திருப்ப வேண்டும், அவசரப்பட்டால் பின்சக்கரம் புல்லில் இறங்கிவிடும். இங்கே தட்டிச் சொல்லக் கிளீனரும் கிடையாது. போயிங் 747 போன்ற பெரிய விமானங்களில் சீட்டிலிருந்து பார்த்தால் இறக்கை நுனியே தெரியாது. 2013 டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் குறுகலான பாதையில் நேராகப் போய், வலது இறக்கையால் ஒரு ஆபீஸ் கட்டடத்தைக் கிழித்தது. உள்ளே இருந்த 4 பேருக்குக் காயம். ராத்திரி வேலைக்கு வந்தவர், சுவரைப் பிளந்துகொண்டு விமானம் வரும் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா?

அதாவது பரவாயில்லை. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் லெக்சிங்டனில், விடியாத நேரத்தில், 7,003 அடி ஓடுபாதைக்குப் போக வேண்டிய விமானம் பக்கத்திலேயே தொடங்கும் 3,500 அடிப் பாதையில் ஏறிவிட்டது. ஓடுபாதைக்குத் தரையில் ஊர்ந்து போகும்போது பைலட்டுகள் இருவரும் சொந்தக் கதை பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். புறப்பட்டு ஓடும்போது துணை பைலட், லைட்டே இல்லையே, விசித்திரமாக இருக்கிறதே என்கிற மாதிரி சொல்ல, கேப்டனும் ஆமாம் என்றார். அவ்வளவுதான், நிறுத்தவில்லை. பாதையின் நீளம் போதவில்லை, 50 பேரில் 49 பேர் செத்துப்போனார்கள், பிழைத்தவர் அந்தத் துணை பைலட் மட்டும். டவரிலிருந்து விமானங்களைக் கவனிக்கும் கன்ட்ரோலரும் அந்த நேரம் பார்த்து வேறு வேலையாகத் திரும்பியிருந்தார். ஆனாலும் என் கணக்கில் பெரிய தப்பு அந்த "ஆமாம்"தான்.

கேள்வி: விமானத்துக்கு ரிவர்ஸ் கியர் ஏன் இல்லை?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: கியரே இல்லை சார். சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு கிடையாது, ஜெட் தள்ளுவதில்தான் உருளுகிறது. காற்றை முன்பக்கம் திருப்பிவிட்டுச் சில விமானங்களைப் பின்னால் நகர்த்தலாம், ஆனால் தரையில் கிடக்கும் கல்லும் குப்பையும் கிளம்பி இன்ஜினுக்குள் போகும். பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அப்புறம், பின்னால் போகிறபோது சட்டென்று பிரேக் அடித்தால் மூக்கு எழும்பி, வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதற்குத்தான் விமானத்தைப் பின்னால் தள்ள டிராக்டர்.