கட்டம் கட்டமாக வண்ணம் பூசினால் அது ஓவியமா? இன்றைக்கு வரைகிறவர்களுக்கு அதனால் என்ன?

கட்டமும் வட்டமுமாகப் பளிச்சென்று வண்ணம் அடித்து வைத்தால் அது எப்படி ஓவியம் ஆகும், இன்றைய ஓவியர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பறையில் அப்படி ஒன்றைப் பார்த்ததாகவும் அது பெட்ஷீட் மாதிரி இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது நான் வரைந்ததாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

நான் சேலம் அம்மாப்பேட்டைக்காரன். அப்பா கைத்தறி நெய்தவர். நான் கம்ப்யூட்டரில் சேலை டிசைனுக்குக் கிராஃப் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஓவியன். பெட்ஷீட் என்று நீங்கள் நக்கலாகச் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அப்பா ஒரே சாயத்தில் முக்கிய அரக்கு நூலை வைத்து இரண்டு சேலைக்குக் கரை போட்டார். ஒன்றுக்கு உடல் பச்சை, இன்னொன்றுக்குச் செங்கல் நிறம். எடுத்துப்போன வியாபாரி மறுநாளே திரும்பி வந்துவிட்டார், பச்சைச் சேலையில் கரை தீயாக எரிகிறது, செங்கல் சேலையில் செத்துக் கிடக்கிறது, சாயத்தில் ஏமாற்றிவிட்டாய் என்று வாசலில் நின்று ஒரே சத்தம். அப்பா எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடல் தெரியாதபடி மேலே வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிக் காட்டினார். இரண்டும் ஒரே அரக்கு. அதைப் பார்த்த பிறகும் அந்த ஆள் கூலியில் பிடித்துக்கொண்டுதான் போனார், அது வேறு கதை.

இதே பஞ்சாயத்து பாரிஸிலும் நடந்திருக்கிறது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அங்கே கோபலின் என்ற அரசு நெசவுக்கூடத்தில் 1824ல் சாயப் பிரிவுக்குத் தலைவராக வந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்று புகார் போனது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடிய நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அமுக்கியிருந்தன. ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டைவீட்டு நிறம் தீர்மானிக்கிறது என்று 1839ல் புத்தகமே போட்டார். ஓவியர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஓவியர் ரொபேர் டெலோனே அப்படித்தான் வெறும் வண்ண வட்டங்களுக்கு வந்து சேர்ந்தார். அவர் மனைவி சோனியா டெலோனே 1911ல், பிறந்த குழந்தைக்காகத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்தார், அது இன்றைக்குப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஆரம்பகால அரூபக் கலை (எந்த உருவத்தையும் காட்டாத கலை) என்ற மரியாதையோடு இருக்கிறது. பெட்ஷீட்தான் சார்!

அப்புறம் 1915ல் ரஷ்ய ஓவியர் மாலேவிச்சின் கறுப்புச் சதுரம், டச்சு ஓவியர் மோண்ட்ரியனின் சிவப்பு நீலம் மஞ்சள் கட்டங்கள் எல்லாம் நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். எனக்கு முக்கியமான ஆள் யோசெஃப் ஆல்பர்ஸ். 1950ல் சதுரத்துக்குள் சதுரம் வரைய ஆரம்பித்தவர் 1976ல் சாகும்வரை அதையே வரைந்தார், ஆயிரத்துக்கும் மேல். மூன்று அல்லது நான்கு சதுரம், டியூபிலிருந்து பிதுக்கி அப்படியே கத்தியால் தடவிய வண்ணம், பலகையின் பின்னால் எந்தக் கம்பெனி எந்த நிறம் என்ற குறிப்பு. பைத்தியக்காரத்தனம் போலத்தான் தோன்றும். ஆனால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றால் ஒரு சதுரம் உள்ளே போகும், ஒன்று முன்னால் வரும். அவர் மனைவி அன்னி ஆல்பர்ஸ் பௌஹவுஸ் என்ற ஜெர்மன் கலைப் பள்ளியில் நெசவு கற்றவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திரும்பவும் தறிக்கே வந்துவிட்டோம்.

சரி, இன்றைக்கு என்ன தாக்கம்? மாஸ்கிங் டேப் ஒட்டி முக்கோணம் போட்டு விற்பதைத் தாக்கம் என்று நான் சொல்லமாட்டேன், அது வியாபாரம். வண்ணத்தை எதையாவது நிரப்புகிற பொருளாகப் பார்க்காமல், வேலை செய்கிற ஆளாகப் பார்க்கும் கண்தான் இவர்கள் விட்டுப்போனது. ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் வண்ணக் கோடுகளை நம் கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டையோடு பழகிய யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நியூயார்க்கில் பீட்டர் ஹாலி 1980களில் அதே சதுரத்தை எடுத்து, கண் கூசும் ஒளிர்வண்ணம் அடித்து, கம்பி வைத்துச் சிறை அறையாக்கிவிட்டார், சுத்தமான வடிவம் என்று மோண்ட்ரியன் கும்பிட்டது இவரிடம் நகரத்து அடைசல் ஆனது. டோமா ஆப்ட்ஸ் 48க்கு 38 சென்டிமீட்டர் என்ற சின்ன அளவிலேயே வரைந்து 2006ல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசு வாங்கினார். தென்னாப்பிரிக்காவின் எஸ்தர் மஹ்லாங்கு அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்ற வீட்டுச்சுவர் வடிவங்களை 1991ல் பிஎம்டபிள்யூ கார் மீதே வரைந்தார். அவருக்கு மோண்ட்ரியன் தேவைப்படவில்லை, ஆனால் அருங்காட்சியகங்களுக்கு அவரைப் பார்க்கத் தெரிந்ததற்கு மோண்ட்ரியன்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் பக்கம் ஓவியர் எஸ்.எச். ரஸாவின் பிந்துவை, அதாவது அந்தக் கறுப்பு வட்டப் புள்ளியை, எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட ஓவியர் விஸ்வநாதனைப் பிடிக்கும். சென்னையில் படித்து, 1966ல் சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் முதல் கூட்டத்தில் இருந்து, 1968ல் பாரிஸ் போனவர். அந்தச் சோழமண்டலத்துக்காரர்கள் சாப்பாட்டுக்கு பாட்டிக் துணி (மெழுகு தடவிச் சாயம் ஏற்றுவது) போட்டு விற்றுத்தான் ஓவியம் வரைந்தார்கள். துணி விடவே மாட்டேன் என்கிறது.

இனி ஏற்காட்டுக் கதை. ஒரு விடுதிக்காரர் நான்கடி கட்ட ஓவியம் ஒன்று கேட்டார். மயில் கழுத்து நிறம் வரவேண்டும் என்று நீலத்தையும் பச்சையையும் மெல்லிய பட்டைகளாக மாற்றி மாற்றிப் போட்டு, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் பிடித்துக்கொண்டே ஏறினேன். அவர்கள் அதை மஞ்சள் விளக்குக்குக் கீழே, ஆரஞ்சு சோஃபாவுக்கு மேலே மாட்டிவிட்டு, கலர் டல்லாக இருக்கிறதே, சோஃபாவுக்கு மேட்சாகவும் இல்லையே என்றார்கள். எனக்கு அந்த அரக்குக் கரை வியாபாரி ஞாபகம் வந்துவிட்டார். படத்தைக் கழற்றி வராந்தாவுக்குத் தூக்கிப்போய்ப் பனி வெளிச்சத்தில் காட்டினேன், மயில் கழுத்து வந்தது. பணம் பாதிதான் வந்தது.

உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் ஸ்டேஷனரி கடையில் கலர் பேப்பர் வாங்குங்கள், ஆல்பர்ஸும் மாணவர்களுக்குக் கலர் பேப்பரை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரே தாளில் இரண்டு சின்னச் சதுரம் வெட்டி, ஒன்றைப் பச்சை மேலும் இன்னொன்றை ஆரஞ்சு மேலும் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் செய்தால் இன்னும் வேடிக்கை. பசை மட்டும் போட்டுவிடாதீர்கள், நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டியிருக்கும்.