எச்-1பியில் இருந்துகொண்டு கிளாக் 19 வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இது: டாலஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, எச்-1பி விசா, டீமில் எல்லோரும் சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போகிறார்கள். பழகுவதற்கும் வீட்டுப் பாதுகாப்புக்கும் ஒரே பிஸ்டலாகக் கிளாக் 19 வாங்கலாமா, அதில் அப்படி என்ன இருக்கிறது?

முதலில் விசாவைப் பேசிவிடுவோம். டெக்சஸில் பிஸ்டல் வாங்க லைசென்ஸ் வேண்டாம் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மைதான், ஆனால் அது அவருக்கு. எச்-1பி, எல்-1, எஃப்-1 மாதிரி தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதுதான். வைத்திருப்பது என்றால் காசு கொடுத்து வாங்குவது மட்டுமில்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும், கூட வந்தவர் "சும்மா ரெண்டு சுட்டுப் பாருப்பா" என்று கையில் கொடுப்பதும் அதே கணக்குதான். 2022-க்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டு கனவும் அதோடு போகும்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. புளோரிடாவில் ஒரு வெளிநாட்டு மாணவர், படிப்பு நின்று விசா தகுதி போன பிறகு ரேஞ்சில் சுட்டதற்காகச் சிறைத் தண்டனை பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்கே தெரியும், அதனால் அந்த வாய்ப்பும் உங்களுக்கு இல்லை!

ஒரு விலக்கு உண்டு: ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை உரிமம் கையில் இருந்தால் தடை பொருந்தாது. அதை விளையாட்டுச் சாமான் கடையிலேயே வாங்கலாம். நிறைய பேர் இந்த வழியில்தான் போகிறார்கள். ஆனால் டெக்சஸின் வருடாந்திர உரிமம் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். செப்டம்பர் 1 காலையில் நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்க, அலமாரியில் இருக்கும் பிஸ்டல் சட்டவிரோதப் பொருளாகிவிடும். கார் இன்ஷூரன்ஸ் தேதியையே மறக்கிற ஆள் நான். அதனால் கிரீன் கார்டு வரும்வரை தொடவில்லை. பிறகுதான் கடையில் துப்பாக்கி வாங்குவோர் நிரப்பும் 4473 படிவத்தை நிரப்பி வாங்கினேன். இன்னொருவர் பெயரில் உங்களுக்காக வாங்கச் சொல்லும் யோசனையும் வேண்டாம், அது தனிக் குற்றம்.

இனி கிளாக் 19. ஆஸ்திரிய ராணுவத்துக்காகச் செய்த கிளாக் 17-ஐக் கொஞ்சம் குறுக்கி 1988-ல் கொண்டுவந்தது இது. குழல் 102 மில்லிமீட்டர், தோட்டா அடுக்கும் மேகசினில் 15, எல்லாம் நிரப்பினால் சுமார் 850 கிராம். ரொம்பச் சின்ன பிஸ்டல் கையில் துள்ளும். பெரியது இடுப்பில் இடிக்கும். இது நடுவில் நிற்கிறது, அதனால்தான் இத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள். பிடி பாலிமர், துருப்பிடிக்காது. 9 மி.மீ. தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்கும். நம் ஊரில் அதே 9 மி.மீ. தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம் என்பது வேறு கதை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இதில் கட்டைவிரலால் தள்ளுகிற சேஃப்டி கிடையாது. டிரிகரின் நடுவில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். விரல் அதை அமுக்கினால்தான் டிரிகர் பின்னால் வரும். அதாவது விரல் பட்டு அமுங்கினால் வெடிக்கும், அவ்வளவுதான். அதைவிட, சுத்தம் செய்யப் பிரிக்கும்போது டிரிகரை ஒருமுறை இழுத்துத்தான் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகமான ஸ்லைடைக் கழற்ற முடியும். மேகசினை உருவிவிட்டால் காலி என்று நினைத்து, குழலின் பின்முனையான சேம்பரில் மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டாவைச் சுட்டவர்கள் உண்டு. நான் மேகசினை எடுத்து, ஸ்லைடை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பேன். அப்புறமும் குழலைப் பத்திரமான பக்கம் திருப்பி வைத்துத்தான் இழுப்பேன். ஒவ்வொரு தடவையும் மனைவி சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அவளுக்கு முதலில் ஸ்லைடை இழுக்கவே வரவில்லை. வலது கையில் பிடித்துக்கொண்டு இடது கையால் பின்னால் இழுக்கப் பார்த்தாள், அசையவில்லை. பயிற்சியாளர் வந்து, ஸ்லைடை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிடியை முன்னால் தள்ளச் சொன்னார். உடனே வந்துவிட்டது.

வீட்டுப் பாதுகாப்பு என்று வரும்போது நம் ஆட்கள் மறப்பது சுவரை. நீங்கள் இருக்கும் அபார்ட்மென்ட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவில் செங்கல் இல்லை. மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைதான். ரேஞ்சில் சுடுகிற, முழுக்க உலோக உறை போட்ட தோட்டா அதில் நாலைந்தைத் தாண்டும். நுனியில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் உடம்பில் விரிந்து நிற்கும் என்பார்கள். குறி தவறிச் சுவரில் பட்டால் அதுவும் ஊடுருவிப் போகும். அந்தப் பக்கம் தூங்குவது யார் என்று யோசித்துவிட்டுத்தான் எந்தச் சுவரை நோக்கி நீட்டலாம் என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டி கட்டாயம். 17 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் கையில் நிரப்பிய துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் டெக்சஸில் அதுவே குற்றம்.

இப்போதைக்குக் கை பழக வேண்டுமா? கிளாக் 19 வடிவத்திலேயே கரியமில வாயுவில் ஓடுகிற, சின்னக் குண்டு சுடும் பிபி துப்பாக்கி கிடைக்கிறது. மத்திய சட்டப்படி அது துப்பாக்கி இல்லை. வீட்டுக்குள் மட்டும் வையுங்கள். தெருவில் பார்க்கிற போலீஸ்காரருக்கு அது பொம்மை என்று தெரியாது.

நண்பர்களோடு ரேஞ்சுக்கு வேடிக்கை பார்க்கப் போனாலும் ஊருக்குக் கொண்டுபோகிற பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். அதன் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டாலும் சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரியும், ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரும். நான் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுவேன். போன முறை விழுந்தது சுட்ட தோட்டாவின் காலிக் கூடு ஒன்று.