வாசகர் கேள்வி – பதில்: தேங்காய் மட்டையும் சுழற்சிப் பொருளாதாரமும்

கேள்வி: சுழற்சிப் பொருளாதாரம், உயிரிசார் பொருளாதாரம் என்று இரண்டையும் பாடத்தில் படிக்கிறோம். இரண்டும் ஒன்றுதானா? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: இல்லை. பயன்படுத்திய பொருளை வீணாக்காமல் மறுபடியும் பயனுக்குக் கொண்டுவருவது சுழற்சி; விளைபொருளிலிருந்து பொருளும் எரிபொருளும் எடுப்பது உயிரிசார்ந்தது. பழைய இரும்பை உருக்கி மறுபடியும் கம்பியாக்குவது சுழற்சி. அதில் விளைபொருள் எதுவும் இல்லை. காட்டை அழித்து எண்ணெய்ப்பனை நட்டு அதிலிருந்து டீசல் எடுப்பது உயிரிசார்ந்தது. ஆனால் அழிந்த காடு திரும்புவதில்லை. இரண்டும் சேர்ந்து நடக்கும் தொழில்களே நாம் கவனிக்க வேண்டியவை. அவற்றுள் ஒன்று நம் ஊர்த் தென்னை. அடுத்த இரு கடிதங்களும் அதைப் பற்றியே வந்திருக்கின்றன.

கேள்வி: என் சிறுவயதில் நார் மில்களுக்கு வெளியே நார்த்தூள் மலைபோல் குவிந்து கிடக்கும். தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும். இன்று அதே தூள் கட்டியாகிக் கப்பலேறுகிறது. கழிவு ஒழிந்தது என்று மகிழலாமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாதி மகிழலாம். மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மிகுந்த பொருள் என்பதால் அது எளிதில் மக்காது. மழை பெய்தால் அதிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரைந்து, தேநீர் நிறத்தில் நீர் வடியும். அப்படி யாருக்கும் வேண்டாமல் கிடந்த பொருளின் அருமை, அது நீரைப் பிடித்துவைக்கும் விதத்தில் இருந்தது. ஐந்து கிலோ கட்டி ஒன்றை அகன்ற தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். செங்கல்போல் இறுகியிருந்தது ஓரங்களில் வெடித்து, உதிர்ந்து, சற்று நேரத்தில் எழுபது லிட்டர் அளவுக்குப் பொங்கி நிற்கும். நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி வளர்ப்பவர்கள் மண்ணுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துகிறார்கள். சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த, கரிமத்தைப் பூட்டிவைத்திருக்கும் பீட் மண்ணைத் தோண்டி எடுக்கும் தேவை இதனால் அந்த அளவுக்குக் குறைகிறது. இது மெய்யான ஆதாயம்.

மீதிப் பாதி, அந்தத் தூளைக் கழுவும் தண்ணீரில் இருக்கிறது. கழுவாத பச்சைத் தூளில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் அதிகம். அப்படியே பயன்படுத்தினால் இளம் வேர் கருகும். எனவே ஏற்றுமதிக்குரிய தூளை, உப்பின் அளவு உரிய வரம்புக்குக் கீழே இறங்கும்வரை நல்ல நீரில் திரும்பத் திரும்ப அலசுகிறார்கள். உயர்தரம் வேண்டுமென்றால் அதன்பின் கால்சியம் நைட்ரேட் கரைசலிலும் ஊறவைக்கிறார்கள். வறட்சி தெரிந்த வட்டாரத்தில் இவ்வளவு நீர் செலவாவது ஒருபுறம்; அலசிய பழுப்பு நீரைத் திறந்த நிலத்தில் விட்டால் அது பக்கத்துக் கிணற்றில் இறங்குவது மறுபுறம். மாசு ஏறக்குறைய இல்லாத தொழில்களுக்குரிய வெள்ளைப் பட்டியலில் இருந்த நார்த் தொழிலைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல், நடுத்தர மாசுத் தொழில்களுக்குரிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மில்காரர்கள் அதை எதிர்த்தது எனக்குப் புரிகிறது; ஆனாலும் கிணற்று நீரின் நிறம் மாறியவரிடம் போய் இது பசுமைத் தொழில் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. கழுவி வெளியேற்றும் அந்தப் பொட்டாசியம் எங்கிருந்து வந்தது? தென்னந்தோப்பு மண்ணிலிருந்துதான். தேங்காய்க்குள் சேரும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், பெரும்பங்கு மட்டையில் தங்குகிறது. காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ் என்ற பொட்டாசிய உரம் இடச் சொல்வது வழக்கம். அந்த உரமோ பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஆகக் காசு கொடுத்து வாங்கிய சத்து மட்டையோடு தோப்பை விட்டு வெளியேறி, கழுவுநீரில் கரைந்து, மில்லின் பின்புறத்தில் வீணாகிறது. தூளுக்குச் சந்தை பிடித்துவிட்டோம். சத்து தோப்புக்குத் திரும்பும் வழியை மட்டும் விட்டுவிட்டோம்.

கேள்வி: நூறு தென்னை வைத்திருக்கிறேன். மட்டையை விற்பதா, தோட்டத்திலேயே போடுவதா? (விவசாயி, உடுமலை)

பதில்: முழுவதையும் விற்காதீர்கள். விலை நன்றாக இருக்கும்போது ஒரு பகுதியை விற்று, மீதியைப் பருவமழை தொடங்கும் சமயத்தில் மரத்தைச் சுற்றியோ, மரவரிசைகளுக்கு நடுவேயோ குழியெடுத்து, குழிந்த பக்கம் மேல்நோக்கி இருக்குமாறு அடுக்கி மண் மூடுங்கள். மழைநீரை மட்டை பிடித்துவைத்துக்கொண்டு கோடையில் கொடுக்கும். அதில் உள்ள சாம்பல் சத்தும் மெல்ல மண்ணில் இறங்கும். ஒருமுறை புதைத்தால் சில ஆண்டுகளுக்குப் பயன் இருக்கும்.

பக்கத்து மில்லில் தூள் மலிவாகக் கிடைத்தால், அதைப் பச்சையாக மரத்தடியில் கொட்டிவிட வேண்டாம். அதில் கரிமம் தழைச்சத்தைப்போல் (நைட்ரஜன்) நூறு மடங்குக்கும் மேல் இருப்பதால், மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். ஒரு டன் தூளுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து புட்டி சிப்பிக்காளான் வித்தும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் நூறு கிலோ தூளைப் பரப்பி அதன்மேல் ஒரு புட்டி வித்து, அடுத்த நூறு கிலோவின்மேல் ஒரு கிலோ யூரியா என்று மாற்றி மாற்றிப் பத்து அடுக்கு போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் பழுப்புத் தூள் கறுத்து, குவியல் தணிந்துவிடும். அதன்பிறகு மரத்துக்கு இடலாம்.