அக்கி எழுதியும் எரிச்சல் அடங்கவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 59. ஒன்பது நாளைக்கு முன் வலது பக்க முதுகில், விலாவை ஒட்டி, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிச்சல் ஆரம்பித்தது. சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். நாலாம் நாள் அந்த இடம் சிவந்து, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பி, மார்புக்குக் கீழே வரை வரிசையாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு ‘அக்கி’ என்றார். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் மூன்று நாள் காவியால் அக்கி எழுதிக்கொண்டேன். எரிச்சல் அடங்கவில்லை, ராத்தூக்கம் போய்விட்டது. இது உடல் சூட்டினால் வந்ததா, ஏதாவது பூச்சி எச்சமா? போன மாதம் என் கணவருக்குக் கழுத்தில் இதே மாதிரி கொப்புளக் கோடு வந்து பத்து நாளில் ஆறியது. அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதா? முடக்குவாதத்துக்கு ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன், வேறு நோய் கிடையாது. வீட்டில் 8 மாதப் பேத்தி இருக்கிறாள். தூக்கலாமா?

பதில்: அம்மா, கடைசிக்கு முன்னால் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, முடக்குவாத மாத்திரை என்று, அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதைப் படித்த கையோடு, அந்த மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு இன்றைக்கே ஒரு தோல் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பாருங்கள். மற்ற விளக்கங்களைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. அக்கிக்கு மருந்து இருக்கிறது. ஏசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் என்ற மூன்றில் ஒன்றை வழக்கமாக 7 நாள் கொடுப்போம். கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. ஆனாலும் முடக்குவாதத்துக்குக் கொடுப்பது போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு நாள் கடந்தாலும் கொடுப்பதுதான் முறை, ஏனென்றால் அவர்களுக்கு அக்கி உடம்பு முழுக்கப் பரவவும் உள்ளுறுப்புகளைத் தொடவும் வாய்ப்பு கூடுதல். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும் என்பதால் கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். இதே பெயரில் களிம்பும் விற்கிறார்கள். உங்கள் நோய் நரம்புக்குள் இருக்கிறது, மேலே தடவும் களிம்பு அங்கே போய்ச் சேராது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூடு காரணமில்லை, சாப்பாடு காரணமில்லை, பல்லியோ சிலந்தியோ எச்சமிட்டதும் இல்லை. சின்ன வயதில் உங்களுக்கு அம்மை போட்டிருக்குமே, உடம்பெல்லாம் முத்து முத்தாக வந்து, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்திருப்பீர்களே, அந்தச் சின்னம்மையின் கிருமிதான் இது. இலங்கையில் கொப்புளிப்பான் என்பார்கள். கிருமியின் பெயர் வேரிசெல்லா ஜோஸ்டர். அம்மை இறங்கினாலும் இது உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் அடங்கிக் கிடக்கும். நாற்பது, ஐம்பது வருஷம் கூட எந்தத் தொந்தரவும் தராமல் இருக்கும். எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அயர்ந்த ஒரு சமயத்தில் ஏதாவது ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு நடந்து வரும். நரம்பை அழற்றிக்கொண்டு வருவதால்தான் உங்களுக்கு முதல் மூன்று நாள் வெறும் எரிச்சல் மட்டும் இருந்தது. தோலில் அப்போது பார்க்க ஒன்றுமே இருந்திருக்காது. இடது நெஞ்சில் இப்படி வலி வந்து, மாரடைப்போ என்று பயந்து இசிஜி எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய், இரண்டு நாளில் கொப்புளத்தோடு என்னிடம் வந்தவர்கள் பலர்.

இது ஒரே பக்கமாக வருவதற்கும் காரணம் அதுதான். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஏறக்குறைய ஒவ்வொன்றுக்கும் உடம்பில் வலப்பக்கம் ஒரு பட்டை, இடப்பக்கம் ஒரு பட்டை என்று எல்லை உண்டு. உங்கள் வலது பக்கத்து நரம்பு ஒன்றில் கிருமி விழித்தது. அந்த நரம்பின் ஆட்சி முதுகின் நடுவில் தொடங்கி மார்பின் நடுவோடு முடிந்துவிடும், கொப்புளமும் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ‘பாம்பு மாதிரி சுற்றிவந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து’ என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அம்மைக்கும் அக்கிக்கும் உள்ள இந்த உறவை நமக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் சாதாரணக் குடும்ப டாக்டராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளை 16 வருஷம் ஒவ்வொருவராகக் குறித்து வைத்து, அக்கி என்பது புதிதாகத் தொற்றி வருவது அல்ல, உள்ளே உறங்கிய கிருமி எழுந்து வருவது என்று 1965-ல் எழுதினார். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் வைத்துக்கொண்டு அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதை வருகிறது.

சரி, ஏன் இப்போது வந்தது? ஐம்பது தாண்டினாலே இந்தக் கிருமியைக் காவல் காக்கும் அணுக்கள் தளர ஆரம்பிக்கும், முக்கால்வாசிப் பேருக்கு வயதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியிருக்காது. உங்கள் விஷயத்தில் மாத்திரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடக்குவாதத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்குகிறது, அதை அடக்கத்தான் மருந்து. ஸ்டீராய்டு அதில் ஒன்று. டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள் அக்கி வரும் வாய்ப்பைக் கூட்டுவது நன்றாகத் தெரிந்த விஷயம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது அக்கியைவிடப் பெரிய ஆபத்து. மூட்டு டாக்டரிடம் ‘அக்கி வந்திருக்கிறது’ என்று போனிலாவது சொல்லுங்கள், எதைத் தொடர்வது, எதைச் சில நாள் தள்ளிவைப்பது என்று அவர் முடிவு செய்யட்டும். சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு அது சத்தமில்லாமல் ஏறியிருக்கும். இளவயதில் காரணமில்லாமல் அக்கி வந்தாலோ, ஒரே சமயத்தில் பல இடங்களில் பரவினாலோ எச்ஐவி பரிசோதனையும் செய்யச் சொல்வோம். அதைக் கேட்டு யாரும் கூசத் தேவையில்லை.

வேளார் எழுதியதைப் பற்றி. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். சில வருஷத்துக்கு முன் ஒரு பெரியவர் வந்தார். சட்டைத் துணி முதுகில் படக்கூடாது என்று இரண்டு விரலால் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நடந்து வந்தார். முதுகு முழுக்கச் செங்காவி. ஈரப் பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தேன். காவி கரைந்து இறங்க இறங்க, கீழே சிவந்த மேட்டில் கடுகு அளவுக் கொப்புளங்கள் கொத்தாகத் தெரிந்தன, நாலைந்து உடைந்து சீழ் கட்டியிருந்தது. ‘முதல் நாளே அக்கி என்று சொன்னது வேளார்தான் டாக்டர், ரெண்டு ஆஸ்பத்திரியில் வாயுப்பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள்’ என்றார். உண்மைதான். பல ஊர்களில் அக்கியைச் சரியாக அடையாளம் காண்பவர் வேளார்தான். ஈரக் காவி காயும்போது தோல் குளிர்வதும் நிஜம். ஆனால் அக்கிக் கொப்புளம் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஏழு, பத்து நாளில் காய்ந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிர்ந்துவிடும். காவிக்கு நரம்புக்குள் இருக்கும் கிருமியை ஒன்றும் செய்ய முடியாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும். எல்லாவற்றையும்விட, அந்த மூன்று நாள்தான் மாத்திரைக்கான மூன்று நாள். அக்கி என்று சொல்லிவிட்டால் வேளாருக்கு நன்றி சொல்லிவிட்டு, நேரே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் கணவருக்கு வந்தது அக்கியாக இருக்க வாய்ப்பு குறைவு. நான் நேரில் பார்க்கவில்லை, ஆனால் ‘கோடு’ என்று நீங்கள் எழுதிய சொல்லே பெரிய துப்பு. மழைக்காலத்தில் வயல் பக்கத்து வீடுகளில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு ஒரு பூச்சி வரும். எறும்பு மாதிரி நீளமாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அது கடிக்காது, கொட்டாது. தூக்கத்தில் கழுத்தில் ஊர்வதை நாம் கையால் தேய்த்து நசுக்குவோம், அதன் உடம்பில் இருக்கும் பெடரின் என்ற நச்சு தோலில் இழுபட்டுவிடும். ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து, நசுக்கி இழுத்த வழியில் தீக்காயம் போலச் சிவந்து நடுவில் கொப்புளம் கட்டும். முழங்கை மடிப்பில் பட்டால் மடித்த இரண்டு பக்கத்திலும் அச்சுப் பதித்தது போல ஒரே காயம் இருக்கும், அதைப் பார்த்தால் சந்தேகமே வேண்டாம். முன்கூட்டியே வலி இருக்காது, நரம்பின் எல்லையை மதிக்காது. நெல் வயலில் இந்தப் பூச்சி பயிரைக் கெடுக்கும் புகையான் பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சி. மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டால் போதும்.

அவருக்கு வந்தது அக்கியாகவே இருந்தாலும் அதிலிருந்து உங்களுக்கு அக்கி வராது. அக்கி வெளியிலிருந்து ஒட்டுவதில்லை.

இதே குழப்பத்தோடு எழுதும் வேறு வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. பேச்சுவழக்கில் கொப்புளமாக எது வந்தாலும் அக்கி என்றுதான் பெயர். ‘எனக்கு வருஷத்துக்கு நாலு தடவை அக்கி வருகிறது’ என்பவர்களுக்கு, அதே உதட்டில் அல்லது அதே புட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறு கிருமி. அரிப்புத்தான் முதன்மை, தடிப்பு சில மணி நேரத்தில் இடம் மாறி மறைகிறது என்றால் காணாக்கடி. வட்டமாக ஓரம் தடித்துப் பரவினால் படர்தாமரை. அதற்குக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைப் பூசி, உருவமே மாறி, என்ன நோய் என்று எங்களுக்கே தெரியாதபடி ஆக்கிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது மிக அதிகம். தயவுசெய்து வேண்டாம். எந்த அரிப்பும் வலியும் இல்லாமல், உணர்ச்சி மரத்த வெளிறிய தேமல் இருந்தால் தொழுநோய்க்காகப் பார்க்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

அக்கி நெற்றியிலோ கண்ணைச் சுற்றியோ வந்தால், குறிப்பாக மூக்கின் நுனியில் ஒரு கொப்புளம் தெரிந்தால், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பின் கிளை. காதில் வந்து முகம் ஒருபக்கம் கோணினாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் எரிச்சலுக்கு வருகிறேன். தோல் ஆறிய பின்னும் மூன்று மாதத்துக்கு மேல் வலி நீடிப்பது அக்கியின் மோசமான மிச்சம், வயது கூடக் கூட அதற்கான வாய்ப்பும் கூடும். சாதாரண வலி மாத்திரைக்கு இந்த வலி மசியாது. தூக்கம் கெடுகிறது என்பதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள், ப்ரீகாபாலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகள் இருக்கின்றன. தைலத்தை நிறுத்திவிடுங்கள். தளர்ந்த பருத்தித் துணி போடுங்கள், ஈரத்துணி ஒற்றலாம், காலமைன் தடவலாம். தினமும் குளிக்கலாம். பத்தியம் எதுவும் கிடையாது.

ஆறிய பிறகு தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 50 வயது தாண்டியவர்களுக்கு 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. விலை அதிகம்தான். ஆனால் அதில் உயிருள்ள கிருமி இல்லை என்பதால் உங்களைப் போல எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் கணவருக்கும் கேட்டுப் பாருங்கள்.

பேத்தி விஷயம். உங்களிடமிருந்து அவளுக்கு அக்கி வராது, ஆனால் கொப்புள நீர் பட்டால் சின்னம்மை வரலாம். சின்னம்மைத் தடுப்பூசி இங்கே அரசு அட்டவணையில் இல்லை. தனியாரில் போட்டாலும் 15 மாதத்தில்தான் போடுவார்கள், அதனால் அவளுக்கு இன்னும் பாதுகாப்பு இல்லை. உங்கள் துண்டு, படுக்கை விரிப்பு அவளிடம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தைத் துணியால் மூடிவையுங்கள், தொட்டால் கை கழுவுங்கள். அம்மை வராத கர்ப்பிணி யாராவது வீட்டுக்கு வந்தாலும் இதே கவனம் வேண்டும். புதிதாகக் கிளம்புவது நின்று, கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியதும் அவளை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை எதிரே உட்கார்ந்து கதை சொல்லலாம்.