பொன்னியின் செல்வன் முடிவு ஏன் ஏமாற்றமாக இருக்கிறது?

293 அத்தியாயம் படித்தும் "சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்றே சொல்லவில்லையே" என்று கேட்கிறீர்கள். அநேகமாக ஒரே மூச்சில் படித்திருப்பீர்கள். பாதிச் சிக்கல் அங்கேதான்.

1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி' பத்திரிகையில் எழுத்தாளர் கல்கி எழுதிய தொடர்கதை இது. கணக்குப் போட்டால் வாரத்துக்குச் சராசரியாக ஒன்றரை அத்தியாயம். அடுத்த இதழ் வரை வாசகரை இழுத்துப் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஒரு முடிச்சு வேண்டும். வாராவாரம் படித்தவருக்குப் பழைய முடிச்சுகள் மறந்திருக்கும். புத்தகமாகப் படிப்பவரோ எல்லாக் கடனையும் வட்டியோடு கேட்பார்.

கொலைக்குக் கல்கி கையில் இருந்த சான்று உடையார்குடிக் கல்வெட்டு. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில் வெட்டியது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று துரோகிகளின் பெயரைச் சொல்கிறது. கத்தி யார் கையில் இருந்தது, பின்னால் யார் இருந்தார்கள் என்று சொல்லவில்லை. அந்தச் சந்தில்தான் கல்கியின் கற்பனைப் பாத்திரமான நந்தினி நுழைகிறாள். கடம்பூர் இளவரசி மணிமேகலை "நான்தான் கொன்றேன்" என்கிறாள், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையரும் அதையே சொல்கிறார். துப்பறியும் கதையாக எடுத்துக்கொண்டால் இது மோசடி, மறுக்கவில்லை. ஆனால் கொலை நடக்கும் கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைவதற்கு முன் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு அந்த அத்தியாயங்களை மறுபடி படியுங்கள். இருட்டு வேண்டுமென்றே வைத்தது என்பது தெரியும்.

கரிகாலனின் தம்பி அருள்மொழி, அதாவது பின்னாளைய ராஜராஜன், கதை முடிவில் முடிசூடவில்லை என்ற குறைக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். ஐந்தாம் பாகத்தின் பெயரே 'தியாகச் சிகரம்'. அவர் அரியணையை விட்டுக்கொடுத்தது திருவாலங்காட்டுச் செப்பேட்டில் உள்ள செய்தி. உத்தம சோழன் சுமார் 15 ஆண்டு ஆண்டதும் வரலாறு. அந்த உத்தமன் கதையில் பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன் என்பது மட்டுமே கல்கியின் கைவேலை.

கல்கி ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம், எனக்கும் ஒரு குறை உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே அருள்மொழியின் அக்கா குந்தவையை வந்தியத்தேவரின், அதாவது நம் கதாநாயகனின், தேவி என்கிறது. இவ்வளவு உறுதியான சான்று இருந்தும் அந்தத் திருமணம் கதைக்குள் வரவில்லை, முடிவுரைக்குப் போய்விட்டது. மணிமேகலையின் மரணத்தோடு கதையை நிறுத்தும் ஆசையில் இதைக் கைவிட்டார் என்றே நினைக்கிறேன்.

முடிவுரை இல்லாத பதிப்பு உங்களிடம் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுங்கள். நூல் நாட்டுடைமை ஆனதும் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகத் திணித்து, கண் கெடுகிற பொடி எழுத்தில், ஒற்றெழுத்தைக்கூடச் சரிபார்க்காமல் விற்கிறார்கள்.