தெரு விருந்தில் ஒரு பொட்டலம்

கேள்வி: எங்கள் தெருவில் 34 வீடுகள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாமல் வாழ்கிறோமே என்று, மூன்று வருடமாகக் காணும் பொங்கலன்று தெருவில் பந்தல் போட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஏற்பாடு செய்கிறேன். முதல் வருடம் 28 வீட்டார் வந்தார்கள். அடுத்த வருடம் 19. இந்த வருடம் 11. கேட்டரிங்குக்கு வீட்டுக்கு 600 ரூபாய் வசூல். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. தெருமுனையில் இஸ்திரி போடும் குடும்பத்துக்குக்கூட மறக்காமல் என் மகனிடம் பார்சல் கொடுத்தனுப்பினேன். இந்த ஜனங்கள் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறார்கள்?
– வாசகி, தாம்பரம்

பதில்: ஜனங்களைப் பற்றி அப்புறம் பேசலாம் அம்மா. முதலில் அந்தப் பார்சலைப் பற்றிப் பேசுவோம்.

இஸ்திரி வண்டி எத்தனை வருடமாக அந்த முனையில் நிற்கிறது? 34 வீட்டுத் துணியும் அந்தக் குடும்பத்தின் கையில் புழங்குகிறது. எந்த வீட்டுப் பெண் புதிதாக வேலைக்குப் போகிறாள், எந்த வீட்டுப் பையன் வெளியூர் போய்விட்டான், எந்தப் பெரியவரின் வேட்டி வருவது நின்றுபோனது என்று அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் யார் என்று தெரியவில்லை என்கிறீர்களே, உங்கள் தெருவை முழுசாக அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குப் பந்தியில் இலை இல்லை, கையில் பொட்டலம்.

வேலையாக இருப்பார்கள் என்று நினைத்தேன் என்பீர்கள். காணும் பொங்கலன்று இஸ்திரிக்கு யார் துணி போடுகிறார்கள்? 'வந்து உட்காருங்கள்' என்று வாய்திறந்து கூப்பிட்டீர்களா? கூப்பிட்டிருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். 'குடும்பத்துக்குக்கூட', 'மறக்காமல்' என்று எழுதியிருக்கிறீர்கள். 11 வீட்டாரை உட்காரவைத்ததைச் சொல்லும்போது அந்தச் சொற்கள் வரவில்லையே.

இதைச் சின்ன விஷயம் என்று நான் விடமாட்டேன். பிள்ளைகள் தங்கிப் படித்த சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். நடத்தியவர் வ.வே.சு. ஐயர், நாட்டு விடுதலைக்காக எதையும் இழக்கத் துணிந்தவர். அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அப்போது காங்கிரஸ் தலைவர்களாக இருந்த வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்தார்கள், 1924, 25-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸுக்குள்ளேயே அதனால் பிளவு விழுந்தது. பசி அங்கே பிரச்சினையே இல்லை. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை. நூறு வருடம் கழித்தும் நம் தெருவில் அதே கணக்கு நடந்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பார்சலைக் கொண்டுபோனவன் உங்கள் மகன். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பந்தலிலிருந்து தெருமுனைவரை நடந்த அந்த நடையில், யார் நம்மோடு உட்காருவார்கள், யாருக்குக் கொடுத்தனுப்புவோம் என்று அவன் படித்துக்கொண்டான். பெற்றவள் இதைத் திருத்தாவிட்டால் வேறு யார் திருத்துவது?

சரி, வராத 23 வீட்டுக்கு வருவோம். இதே புலம்பலோடு எனக்கு எத்தனையோ கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒருவர் திட்டம் போட்டிருப்பார், பணம் வசூலித்திருப்பார், மற்றவர்கள் விருந்தாளி மாதிரி வந்து கை கழுவிவிட்டுப் போயிருப்பார்கள். வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டில் மாதக் கடைசி வாரத்துக்கு 600 ரூபாய் என்ன என்று யோசித்தீர்களா? கொடுக்க முடியாதவர் வெட்கப்பட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். பொட்டலம் வாங்கியவரைப் பார்த்தவர், நாளைக்கு நாமும் அந்த வரிசைதானே என்று நினைத்திருக்கலாம்.

கேட்டரிங்கை விடுங்கள். ஆடியில் கூழ் ஊற்றுங்கள். பணம் வேண்டாம், வீடு வீடாகப் போய்ப் பொருளாகக் கேளுங்கள். ஒரு வீட்டில் ஒரு படி கேழ்வரகு, இன்னொரு வீட்டில் ஒரு கிண்ணம் நொய், முடியாதவர் வீட்டில் ஒரு பிடி சின்ன வெங்காயம். எல்லாம் ஒரே அண்டாவில் விழும்போது யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பேச்சு இருக்காது. முதல் நாளே மாவைக் கரைத்துப் புளிக்கவைக்க நாலு வீட்டுக்காரர்கள் சேர வேண்டும், மறுநாள் அடிப்பிடிக்காமல் துழாவ இன்னும் நாலு பேர் வேண்டும். அந்த வேலையில்தான் பேர் தெரியும், பேச்சு வளரும். தெருவில் முஸ்லிம் வீடோ கிறிஸ்தவ வீடோ இருந்தால் அவர்களையும் கேட்டு நாளை முடிவு செய்யுங்கள். பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியை மதம் பார்க்காமல் வாங்கிக் குடித்து வளர்ந்த ஊர்தானே நம்முடையது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். தூக்கில் வாங்கிப் போவதானால் எல்லோரும் வாங்கிப் போகட்டும், உட்காருவதானால் எல்லோரும் உட்காரட்டும். உதவிக்கு என்று இஸ்திரிக்கார அம்மாவை அடுப்படியில் நிறுத்திவிடாதீர்கள். அவர் முதல் பந்தியில் உட்காரட்டும், நீங்கள் ஊற்றுங்கள். எச்சில் குவளைகளை உங்கள் வீட்டு ஆண்கள் எடுக்கட்டும்.

ஆடிவரை காத்திருக்கவும் வேண்டாம். வரும் ஞாயிறு காலை, வண்டியில் கரி பற்றவைப்பதற்கு முன்னால் போய், என்றைக்கு வைத்துக்கொண்டால் அவர்களுக்குத் தோதுப்படும் என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.